மனுவில் போட்ட பெயர்

அக்டோபர் 7, செவ்வாய்

இன்று காலை ஏழேகாலுக்குக் கக்கூஸ் கூரை விழுந்தது. முழுசாக இல்லை. ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் காரை பெயர்ந்து, கீழே வாளியோடு நின்ற பஞ்சவர்ணத்தின் தோளில் விழுந்தது. என் மனைவி சின்ன விஷயத்துக்கே ஊரைக் கூட்டுகிறவள். இன்று சத்தமே போடவில்லை. வாளியை இறக்கி வைத்துவிட்டு அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்துத்தான் ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

எலும்புக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். வீக்கம் வடியப் பத்து நாள் ஆகுமாம்.

எங்கள் காம்பவுண்டில் ஒன்பது வீடு, இரண்டு கக்கூஸ். கக்கூஸுக்கு மேலேதான் மாடி வீடுகளுக்குப் போகிற நடை. அந்த நடையின் அடிப்பக்கம் கம்பியெல்லாம் துருப்பிடித்து வெளியே தெரிகிறது. மழை பெய்தால் செந்தண்ணீர் ஒழுகும். மேலே ஆள் நடந்தால் கீழே உட்கார்ந்திருப்பவன் தலையில் மண் உதிரும். இதில் ஐப்பசி மழை வேறு வரப்போகிறது.

சாயங்காலம் வீட்டுக்காரரைப் பார்க்கப் போனேன். தங்கவடிவேல் அண்ணாச்சி. இரண்டு தெரு தள்ளிப் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். "பொங்கல் கழியட்டும் குருநாதா, மொத்தமா இடிச்சுட்டுப் புதுசா போட்டுருவோம். நீ அங்க இருக்கையில எனக்கென்ன கவலை?" என்றார். போன பொங்கலுக்கும் இதையேதான் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

"என்ன சொன்னாரு?" என்றாள் பஞ்சவர்ணம்.

"செய்றேன்னாரு."

"காப்பி குடுத்தாரா?"

"குடுத்தாரு."

"அப்பச் சரி" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவளுக்கென்ன, சொல்லிவிடுவாள். பதினோரு வருஷமாக மோட்டார் சாவி என்னிடம்தான் இருக்கிறது. டேங்குக்குத் தண்ணீர் ஏற்றுவது, எந்த வீட்டுக்கு எந்த வால்வு என்று பார்ப்பது எல்லாம் நான்தான். அண்ணாச்சிக்கு அடுத்து இந்தக் காம்பவுண்டில் என் பேச்சுக்குத்தான் மதிப்பு. பொய் சொல்வானேன், அது எனக்குப் பிடித்திருக்கிறது. அவரிடம் போய்ச் சண்டை பிடிக்கச் சொன்னால் எப்படி?

அக்டோபர் 13, திங்கள்

திங்கள்கிழமை எங்கள் ஜெராக்ஸ் கடையில் மூச்சு விட நேரம் இருக்காது. எதிரே கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். பட்டா, பென்ஷன், பாதைத் தகராறு என்று காலையிலிருந்து இருபத்தேழு மனு அடித்தேன். இரண்டு மணிக்கு மேல் கூட்டம் குறைந்தது. இருபத்தெட்டாவதாக ஒன்று அடித்தேன்.

மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கு. எங்கள் காம்பவுண்டு, கக்கூஸ், நடை, கம்பி, ஒன்பது குடும்பத்தின் முப்பத்தொரு உயிர். இருபத்திரண்டு வருஷமாக ஊரார் குறையை அடித்த கைக்குத் தன் குறையை எழுதுவது கஷ்டமா என்ன? படித்துப் பார்த்தேன். நல்ல மனு.

பெயர் போடுகிற இடம் வந்தது. பெயரில்லாத மொட்டை மனு குப்பைக்குத்தான் போகும் என்று தினம் பத்துப் பேருக்குச் சொல்கிறவன் நான். என் பெயரைப் போட முடியாது. போட்டால் அண்ணாச்சி முகத்தில் எப்படி முழிப்பது?

பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி தீபாவளி கழிந்ததும் காலி செய்கிறாள். தேனியில் அவள் தம்பி வீடு கட்டியிருக்கிறான். பின்னால் ஒரு அறை இருக்கிறது, வந்துவிடு என்று கூப்பிட்டிருக்கிறான். வாதம் வந்து படுத்த படுக்கையாக இருக்கிற புருஷனோடு அவள் இங்கே தனியாக எவ்வளவு நாள்தான் மல்லுக்கட்டுவாள்? போகட்டும், நல்லது. மாநகராட்சிக்காரர்கள் வருவதற்குள் அவள் தேனிக்குப் போயிருப்பாள். போன ஆளை அண்ணாச்சி என்ன செய்துவிட முடியும்?

யோசித்துத்தான் செய்தேன். யாருக்கும் நஷ்டமில்லாத வழி இது.

அவள் புருஷன் ஸ்டீபனுக்கு உதவித்தொகை மனு அடித்துக் கொடுத்தது நான்தான். அதனால் அவளுடைய கையெழுத்து தெரியும். ஆவன்னாவில் ஒரு சுழி, பிறகு மேரி. போன் நம்பரில் கடைசி எண்ணை மட்டும் மாற்றிப் போட்டேன், அவளை யாரும் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று.

மூன்றரைக்கு எதிரே கலெக்டர் ஆபீஸ் மனுப்பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். டீ குடித்தேன். அப்புறம் இன்னொரு டீ குடித்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

விசேஷமில்லை. மோட்டார் இருபது நிமிஷம்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

ஆரோக்கியம் காலையிலேயே வந்தாள். அவர்களுக்குத் தீபாவளி இல்லை. ஆனால் வருஷா வருஷம் பஞ்சவர்ணம் கொடுக்கிற பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டு எண்ணெய் பற்றவில்லை, பாகு முறிந்துவிட்டது என்று ஏதாவது குறை சொல்வாள். இவள் அவளை வைவாள். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சந்தோஷம்.

"ஞாயித்துக்கிழம வண்டி சொல்லியிருக்கேண்ணே. அவரத் தூக்கி வைக்க மட்டும் நீங்க ஒரு கை பிடிக்கணும்" என்றாள்.

"நான் இருக்கேன், நீ கவலப்படாத" என்றேன். இப்படிச் சொல்லும்போது ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், முறுக்கு தொண்டையில் லேசாக இறங்கியது.

அக்டோபர் 25, சனி

ஆரோக்கியம் நாளைக்குப் போகவில்லையாம்.

அக்டோபர் 26, ஞாயிறு

தம்பி பெண்டாட்டி மாட்டேன் என்றுவிட்டாளாம். படுக்கையில் கிடக்கிற மனுஷனைப் புது வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது என்று போனிலேயே சொல்லிவிட்டாள். தம்பி லைனில் இருந்தும் வாயைத் திறக்கவில்லையாம்.

கட்டிய மூட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நானும் இரண்டு மூட்டை அவிழ்த்துக் கொடுத்தேன்.

மனுவைத் திரும்ப வாங்க முடியுமா என்று யோசித்தேன். பெட்டியில் போட்டது போட்டதுதான். ஒருவேளை அதை எவரும் படிக்காமலே போய்விடலாம். எத்தனையோ மனு அப்படித்தான். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாக, நான் அடித்த மனு தோற்க வேண்டும் என்று சாமியிடம் கேட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 30, வியாழன்

படித்துவிட்டார்கள்.

பதினோரு மணிக்குப் பஞ்சவர்ணம் போன் பண்ணி, "மாநகராட்சியில இருந்து வந்திருக்காங்க, யாரும் இல்ல, வாங்க" என்றாள். ஓடினேன். உதவிப் பொறியாளர் ஒரு பெண், பெயர் ஷர்மிளா பானு. முப்பது வயதுதான் இருக்கும். சுகாதார ஆய்வாளரும் கூட வந்திருந்தார். மேடம் கையில் சின்னச் சுத்தியல். நடையின் அடியில் ஒவ்வொரு இடமாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். டக் டக் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் பொத் என்று வந்தது. அங்கே சாக்பீஸில் கோடு போட்டார். கொஞ்ச நேரத்தில் கூரை பூராவும் கோடுகள்தான். அந்தக் கக்கூஸுக்குள் மூக்கைக்கூடப் பொத்தாமல் போய் நின்றார். எனக்கே வெட்கமாகிவிட்டது.

"ஆரோக்கியமேரி யாரு? அந்த நம்பர் போகவே இல்லையே" என்றார்.

"ஆஸ்பத்திரியில ஆயா வேல மேடம். டூட்டிக்குப் போயிருக்காங்க."

"நீங்க?"

"பக்கத்து வீடு. மோட்டார் போடுறது நான்தான்."

"மனுவில எழுதினதுக்கு மேலயே மோசமா இருக்கு சார்" என்றார். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சுகாதார ஆய்வாளர் பக்கத்தில் இருந்தார், பஞ்சவர்ணம் இருந்தாள், எப்படிச் சொல்வது? அவர்கள் ஜீப் ஏறும் வரை கூடவே போய் வழியனுப்பினேன்.

நவம்பர் 5, புதன்

அண்ணாச்சி கடைக்கே வந்துவிட்டார். கையில் மாநகராட்சி நோட்டீஸ். "படிப்பா இத" என்று மேசையில் போட்டார்.

அரசாங்கக் கடிதம் எதுவானாலும் மேலே 'பார்வை' என்று ஒரு வரி இருக்கும். யாருடைய மனுவின் மேல் இந்தக் கடிதம் போகிறது என்று பெயரும் தேதியும் போட்டிருக்கும். என்னிடம் வருகிற ஜனங்களுக்கு அந்த வரியைத்தான் முதலில் காட்டுவேன், "உங்க பேரு வந்திருச்சு பாருங்க, இனி வேல நடக்கும்" என்று. அப்பேர்ப்பட்ட நான் அதை மறந்துவிட்டேன். பார்வை ஒன்று: திருமதி ஆரோக்கியமேரி அவர்களின் மனு.

கீழே என் வாக்கியங்கள். முப்பத்தொரு உயிர் என்று நான் எழுதியதை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். உடனே முட்டுக் கொடுக்க வேண்டும், முப்பது நாளில் நடையை எடுத்துக் கட்ட வேண்டும், கூடுதலாக இரண்டு கழிப்பறை கட்ட வேண்டும்.

"புருசன் படுத்துட்டான்னு பாவம் பாத்து விட்டு வச்சேன். எனக்கே குழி பறிச்சிருக்கா பாரு" என்றார் அண்ணாச்சி. "ஒரு வாரத்துல காலி பண்ணணும்னு ஒரு நோட்டீஸ் அடி. அவ பேருக்கு. இப்பவே."

அடித்தேன்.

ஒரு வாரம் என்று இருந்ததை ஒரு மாதம் என்று மாற்றினேன். சட்டப்படி அப்படித்தான் போட வேண்டும் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. இதை இங்கே எழுதும்போதே கேவலமாக இருக்கிறது.

நவம்பர் 6, வியாழன்

காலையில் அண்ணாச்சி காம்பவுண்டு நடுவில் நின்று எல்லாரும் கேட்கும்படி சொன்னார்: "இடிக்கணும்னு எழுதி வாங்கிட்டா. இனிமே ஒன்பது வீடும் காலி பண்ணித்தான் ஆகணும். எங்கிட்ட வந்து அழாதீங்க, அவகிட்டப் போய் அழுங்க."

நோட்டீஸில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. நான்தானே படித்தேன். மோட்டார் சாவியைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"மாதா சத்தியமா நான் எழுதலண்ணே! எனக்கு எழுதவே நேரமேதுண்ணே?" என்று ஆரோக்கியம் ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சொன்னாள். என் முகத்தையும் பார்த்தாள். யாரும் நம்பவில்லை. குழாயடியில் பஞ்சவர்ணம் பிடித்துக்கொண்டாள். "நீதான் போறதா இருந்த, போக வேண்டியதுதான? போறவ எதுக்குடி எங்க எல்லாரையும் தெருவுல இழுத்து விட்டுட்டுப் போற?" தோள் இன்னும் சரியாகத் தூக்க வராதவள், அந்தத் தோளை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டாள்.

ஆரோக்கியம் குழாயை மூடினாள். பாதி வாளியோடு உள்ளே போய்விட்டாள்.

நவம்பர் 8, சனி

அண்ணாச்சி போனில்: "அவ வீட்டு வால்வ அடைச்சிரு. தானா போவா."

அடைத்தேன். முழுக்க அடைக்கவில்லை, ஒரு சுற்று விட்டுத்தான் அடைத்தேன். அந்த ஒரு சுற்றில் அவள் குழாயில் தண்ணீர் வருமா என்று கேட்டால், வராது.

நவம்பர் 9, ஞாயிறு

ஆரோக்கியம் மாதா கோயில் பூசை முடிந்து வந்து குழாயைத் திறந்து பார்த்திருக்கிறாள். என்னிடம்தான் வந்தாள். வேறு எவரும் அவளோடு பேசுவதில்லை. "காத்து அடைச்சிருக்கும், பாக்குறேன்" என்றேன். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு குடம் தூக்கிக் கொண்டுபோய் அவள் வாசலில் வைத்தேன். ஸ்டீபனைத் தினம் இரண்டு தடவை துடைத்துவிட வேண்டும், துணி அலச வேண்டும். இரண்டு குடம் எந்த மூலைக்கு?

"நீங்க நல்லா இருக்கணும்ணே" என்றாள்.

பஞ்சவர்ணம் முறைத்தாள். "பாவம் பாக்குறாராம், பெரிய வள்ளலு." இனி தினமும் கொண்டுபோய் வைக்கலாம் என்றிருக்கிறேன்.

நவம்பர் 12, புதன்

மத்தியானம் ஆரோக்கியம் கடைக்கு வந்தாள். ஆஸ்பத்திரி நீலப் புடவையோடு, சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருக்கிறாள். "ஒரு மனு அடிக்கணும்ணே."

"என்ன மனு?"

"நான் மனுவே போடலன்னு ஒரு மனு."

கரண்ட் இல்லை என்றேன். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் ஃபேனைப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டருக்கு மட்டும் இல்லையாண்ணே?" என்று அப்பாவியாகக் கேட்டாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஸ்டீபனுக்கு முதுகில் புண் வந்துவிட்டதாம், ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு. "ஆஸ்பத்திரியில ஊருல உள்ளவங்களுக்கெல்லாம் நான் தொடச்சு விடுறேன். எம் புருசனுக்குப் புண்ணு வந்துருச்சே" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். அந்த மனு தன்னுடையதல்ல. யாரோ தன் கையெழுத்தைப் போட்டு ஏமாற்றியிருக்கிறார்கள். அவர்கள் யாரென்று கண்டுபிடித்துத் தர வேண்டும். மனுவை ரத்து செய்ய வேண்டும். கண்டுபிடித்துத் தர வேண்டும் என்ற இடத்தில் என் விரல் மூன்று தடவை தப்பாக அடித்தது.

"இதக் குடுத்தா ரிப்பேர் வேல நின்னுரும்மா" என்றேன். அவளுக்காகச் சொன்னேனா எனக்காகச் சொன்னேனா என்று கேட்காதீர்கள்.

"நிக்கட்டும். எனக்குத் தண்ணி வந்தாப் போதும்" என்று கையெழுத்துப் போட்டாள். ஆவன்னாவில் சுழியே இல்லை. கையெழுத்தை எப்போது மாற்றினாளோ தெரியவில்லை. "நீங்களே கொண்டு போய்க் குடுத்துருங்கண்ணே, எனக்கு லீவு தர மாட்டாங்க" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

நவம்பர் 14, வெள்ளி

அவள் மனு என் பையிலேயே இருக்கிறது. மழை.

நவம்பர் 16, ஞாயிறு

"குடுத்துட்டீங்களாண்ணே?" என்று கேட்டாள். செவ்வாய்க்கிழமைதான் வாங்குவார்கள் என்றேன். அது உண்மைதான். மண்டல அலுவலகத்தில் மனு நாள் செவ்வாய். நான் சொன்னதில் ஒன்றாவது உண்மையாக இருக்கட்டும்.

நவம்பர் 18, செவ்வாய்

கடைக்கு லீவு சொல்லிவிட்டு மண்டல அலுவலகத்துக்குப் போனேன். வரிசையில் ஒரு மணி நேரம். என் முறை வந்தபோது ஷர்மிளா மேடமே உட்கார்ந்திருந்தார். மனுவை வாங்கிப் படித்தார்.

"வாபஸ் வாங்கினாலும் நோட்டீஸ் நிக்கும் சார். நான் என் கண்ணால பாத்துட்டேன்ல? ஓனர் செய்யலைன்னா நாங்களே ஆள் விட்டுச் செஞ்சுட்டு சொத்து வரியோட சேத்து வாங்குவோம். இது மனுவுக்காகச் செய்யிற வேலை இல்ல, அந்தச் சிலாப்புக்காகச் செய்யிறது."

"அப்ப மனு போட்டவங்க பேரு?"

"பேரு எதுக்கு? கட்டடம் விழுற மாதிரி இருக்குன்னு யாராவது ஒரு போன் பண்ணியிருந்தாலே வந்து பாத்திருப்போம். ஆபத்தான கட்டடத்துக்கு யாரு பேரும் வேண்டியதில்லையே."

கேட்டுக்கொண்டீர்களா? ஒரு போன். இருபத்திரண்டு வருஷம் மனு அடித்தவனுக்கு அது தெரியவில்லை. மனு என்றால் பெயர், பெயர் என்றால் யாராவது ஒருத்தர் என்று கை தானாகப் போய்விட்டது.

மேடம் ஃபைலிலிருந்து பழைய மனுவை எடுத்து இந்த மனுவுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். 'மேற்படி விலாசத்தில் வசித்து வரும் நான் தங்களின் மேலான கவனத்திற்குப் பணிந்து சமர்ப்பிப்பது' என்றுதான் என் மனுக்கள் எல்லாமே ஆரம்பிக்கும். என் கடைக்கு மட்டுமே உள்ள ஆரம்பம். அதை நான் பெருமையாக நினைத்திருந்தேன்.

"இது யாரு அடிச்சது?"

"நான்தான் மேடம்."

"அப்ப இது?"

பின்னால் வரிசையில் ஒரு கிழவர் இருமினார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டு, "அதுவும் நான்தான்" என்றேன்.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. "கையெழுத்துமா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். வால்வையும் சொன்னேன். சொல்ல வேண்டும் என்று போகவில்லை. ஒன்று வெளியே வந்ததும் மற்றதும் வந்துவிட்டது.

"தண்ணிய நிறுத்துறது சட்டப்படி குத்தம், தெரியுமா? இன்னைக்கே தொறந்து விடுங்க. வியாழக்கிழமை வர்றேன், நானே குழாயத் தொறந்து பாப்பேன். அந்தம்மாகிட்ட நீங்க சொல்லணும். நான் வர்றதுக்குள்ள சொல்லணும். இல்லைன்னா நான் சொல்ல வேண்டியிருக்கும். கையெழுத்து விஷயத்துல கேஸ் குடுக்கறதும் விடுறதும் அவங்க இஷ்டம்."

ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, என் பெயரில், என் கையால் எழுதிக் கொடுத்தேன். பேனா பிடித்து எழுதிப் பழக்கமே விட்டுப்போயிருக்கிறது. ஆரம்பத்தில் எதையும் பணிந்து சமர்ப்பிக்கவில்லை. நடந்ததை மட்டும் எழுதினேன்.

வீட்டுக்கு வந்ததும் வால்வைத் திறந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

நவம்பர் 22, சனி

மூன்று நாளாக எழுத முடியவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

பஞ்சவர்ணத்திடம் செவ்வாய்க்கிழமையே சொன்னேன். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்தாள். "என்னை எதுக்குய்யா அவளோட சண்ட போட வச்ச?" என்றாள். "எந் தோளுக்காகத்தான் எழுதுன, அது எனக்குத் தெரியும். அந்தத் தோளக் காட்டி நான் அவள வஞ்சேன். நீ பாத்துக்கிட்டுத்தான நின்ன?" அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் வைக்கிறாள். டிவிகூடப் போடுவதில்லை.

வியாழக்கிழமை மேடம் ஆட்களோடு வந்தார். அண்ணாச்சியையும் வரச் சொல்லியிருந்தார். முதலில் ஆரோக்கியம் வீட்டுக் குழாயைத் திறந்து பார்த்தார். அப்புறம் காம்பவுண்டு நடுவில் நின்று, யாரையும் காலி செய்யச் சொல்லவில்லை, வேலை நடக்கும்போது மாடி வீட்டுக்காரர்கள் பின்பக்கப் படியில் போக வேண்டும், அவ்வளவுதான் என்று சொன்னார். எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். நடைக்கு அடியில் ஆறு இரும்பு முட்டுக் கொடுத்தார்கள். திங்கள்கிழமை இடிக்கிறார்கள்.

புது உத்தரவில் பார்வை இரண்டு: திரு. குருநாதன். அண்ணாச்சி அதைப் படித்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சாவியக் குடு" என்றார். கொடுத்தேன். "பொங்கலுக்குள்ள வேற வீடு பாத்துக்க. அந்தப் பொம்பள இருக்கட்டும்" என்றார். ஆரோக்கியத்தின் வீடு தப்பியது. அது ஒன்று போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

இதெல்லாம் வியாழன். புதன்கிழமை நடந்ததைத்தான் தள்ளித் தள்ளிப் போடுகிறேன்.

புதன் சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் வாசலுக்குப் போனேன். படுக்கை விரிப்பை அலசிக்கொண்டிருந்தாள். குழாய் நிறையத் தண்ணீர். "வந்துருச்சுண்ணே!" என்று சிரித்தாள்.

"ஆரோக்கியம், அந்த மனு நான் போட்டது" என்றேன்.

"எதுண்ணே?"

"உம் பேர்ல போனது. கையெழுத்தும் நான்தான் போட்டேன். காலி பண்ணச் சொன்ன நோட்டீஸ் நான் அடிச்சது. வால்வ அடைச்சதும் நான்தான்."

அவள் விரிப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள். முறுக்கி முறுக்கிப் பிழிந்தாள்.

"எம் பேரு எதுக்குண்ணே?"

"நீ போயிருவன்னு நெனச்சேன்."

"போயிட்டா எம் பேரு என்னுதில்லையா?"

கேஸ் கொடுப்பதானால் கொடு என்றேன்.

"கேஸ் குடுத்து அலைய எனக்கு ஏது நாளு?" விரிப்பைக் கொடியில் போட்டாள். "பத்து நாளா எங்க ஜெபத்துல முத பேரு உங்க பேருண்ணே. காம்பவுண்டே மூஞ்சியத் திருப்பிக்கிட்டப்பத் தண்ணி குடுத்த மனுசன்னு. அவருக்கு வேற பேச்சு வராது. உங்க பேர மட்டும் குரு, குருன்னு சொல்லப் பழகியிருக்காரு. நான்தான் சொல்லிக் குடுத்தேன்." விரிப்பின் சுருக்கத்தை இழுத்துவிட்டாள். "இப்ப அவருகிட்ட நான் என்னத்தச் சொல்ல? நீங்களே உள்ள வந்து சொல்லுங்க."

போனேன். ஸ்டீபன் என்னைப் பார்த்ததும் நன்றாக இருக்கிற கையைத் தூக்கினார். வாய் ஒருபக்கம் இழுக்கச் சிரித்தார். "கு... ரு" என்றார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். அந்தக் கை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டது. புண் மருந்து வாசனை.

"தண்ணி வந்துருச்சு ஸ்டீபன்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

வெளியே வந்தபோது ஆரோக்கியம் வாசலில் நின்றாள். நான் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "இனிமே உங்க பேர நான் சொல்ல மாட்டேண்ணே" என்றாள். "அவரு சொன்னா நான் தடுக்கல."

எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே சுவர். ஏழு மணிக்கு ஜெபம் வைப்பார்கள். எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் டிவி அலறும், அதனால் பத்து நாளும் எனக்குக் கேட்கவில்லை. புதன்கிழமை கேட்டது. ஆரோக்கியம் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தாள். தேனித் தம்பி பெயரைச் சொன்னாள், தம்பி பெண்டாட்டி பெயரைச் சொன்னாள். அப்புறம் நிறுத்திவிட்டாள். அந்த இடைவெளியில் ஸ்டீபனின் குரல் மட்டும் தனியாக என் பெயரைச் சொன்னது.

இன்றும் சொன்னார். அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.